துக்தோயாக்துக்: ஒன்றுமில்லாத ஊருக்கு ஏன் போக வேண்டும்?

முதல் கேள்வி: ஒட்டாவா வாசகர் ஒருவர், 11 ஜனவரி 2024

டெம்ப்ஸ்டர் வீதி வழியாகத் துக்தோயாக்துக் வரை வாகனம் ஓட்டிப் போனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? கனடாவில் ஆர்க்டிக் கடல் வரை எல்லாக் காலத்திலும் போகக்கூடிய ஒரே பொதுவீதி என்கிறார்கள். படங்களைப் பார்த்தேன். மரமில்லை, மலையில்லை, கட்டடம் என்று சொல்ல ஒன்றில்லை. கடைசியில் ‘ஆர்க்டிக் கடல்’ என்று எழுதிய ஒரு பலகை. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கப் பத்து நாள் லீவு போடுவதா? அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

12 ஜனவரி 2024, இரவு

போயிருக்கிறேன் அண்ணை. 2022 யூலையில், மச்சானோடு. நீங்கள் சொல்வது முக்கால்வாசி சரி. ஊருக்குள் இறங்கிய முதல் அரை மணித்தியாலம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பலகையோடு படம் எடுத்தோம். கடலில் கால் வைத்தோம், கணுக்கால் வரை விறைத்தது. மச்சான், “சரி, வந்த வேலை முடிந்தது, திரும்புவமா?” என்றான். வைட்ஹோர்ஸிலிருந்து 1,400 கிலோமீற்றர் வந்து அரை மணித்தியாலத்தில் திரும்பியிருந்தால் உங்கள் கட்சியில்தான் இருந்திருப்பேன்.

நாலு மணிக்கு எழும்ப வேண்டும். மிச்சம் நாளைக்கு.

13 ஜனவரி

முதலில் வீதி. டோசன் சிற்றிக்கு 40 கிலோமீற்றர் முன்னால் டெம்ப்ஸ்டர் பிரிகிறது. அங்கிருந்து இனூவிக் என்ற ஊர் வரை சுமார் 740 கிலோமீற்றர், கிட்டத்தட்ட முழுக்கக் கிறவல். ஏறக்குறைய நடுவில் ஈகிள் பிளெயின்ஸ். பெற்றோலும் படுக்கையும் அங்கேதான். அதை விட்டால் அடுத்தது வரும்வரை முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். அதற்குக் கொஞ்சம் மேலே, 405-ஆவது கிலோமீற்றரில் ஆர்க்டிக் வட்டம். பிறகு பீல் ஆறு, மெக்கென்சி ஆறு. இரண்டையும் கடக்கப் படகுப்பாதை, காசில்லை. குளிர்காலத்தில் ஆற்றின் மேலேயே ஓடலாம். ஆறு உறையும்போதும் உடையும்போதும் சில வாரங்கள் இரண்டும் இல்லை. அந்த நாட்களில் அக்கரை அக்கரைதான்.

கிறவல் என்றதும் நம்மூர் உருண்டைக் கல்லை நினைக்க வேண்டாம். சில பகுதிகளில் ஓடு உடைந்தது போலத் தட்டையாக, விளிம்பு கூராக இருக்கும். எங்கள் பின் ரயரை அது கத்தி போட்டது போல அறுத்தது. வாடகைக் கம்பனி கிறவல் வீதிக்கென்று தனியாகக் காசும் கையெழுத்தும் வாங்கியிருந்தது. தந்த உதிரி ரயரோ சூம்பிய குட்டி ரயர், ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அடுத்த கராஜ் நூற்றெண்பது கிலோமீற்றரில். மச்சான் அந்த எழுத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, றோட்டோரத்தில் குந்தி, ஒரு மாதிரியாகச் சிரித்தான். கம்பனிப் பெயரைக் கேட்காதீர்கள்.

வீதிக்குப் பெயர் வந்த கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஆனால் சிரிக்க முடியாதது. 1910 டிசம்பரில் கோட்டை மக்பெர்சனிலிருந்து டோசனுக்கு நாய்வண்டியில் வெளிக்கிட்ட நாலு பொலிஸ்காரர் பாதை தவறிப் பசியிலும் குளிரிலும் இறந்துபோனார்கள். தேடிப் போய் உடல்களைக் கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர் என்ற கோப்ரல்.

13 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

வீதியிலேயே நின்றுவிட்டேன். ஊரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மன்னிக்கவும்.

16 ஜனவரி

நேற்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: தொலைக்காட்சியில் காட்டும் பனிவீதியில், உறைந்த கடலின் மேல், லொறிகள் போவது இந்த ஊருக்குத்தானே?

போனது. இப்போது இல்லை. இனூவிக்கிலிருந்து துக்குக்கு (துக்தோயாக்துக்கைச் சுருக்கிச் சொல்வது அப்படித்தான்) மெக்கென்சிக் கழிமுகத்தின் மேலும் கடலின் மேலும் ஆண்டுதோறும் குளிரில் 187 கிலோமீற்றர் பனிவீதி போடுவார்கள். கடைசித் தடவை 2017 வசந்தத்தில் மூடினார்கள். அதே ஆண்டு நவம்பர் 15-இல் 138 கிலோமீற்றர் தரைவீதி திறந்தது, செலவு 30 கோடி டொலருக்குக் கிட்ட. அதற்கு முன் கோடையில் துக்குக்கு விமானத்தில் போக வேண்டும், அல்லது படகில்.

துக் கடைவாசலில் நின்ற ஒரு வயதானவர், “பழைய வீதிதான் நல்லது, கண்ணாடி மாதிரி. குழியே இல்லை, ரயரும் வெட்டாது” என்றார். எங்கள் வானின் குட்டி ரயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

20 ஜனவரி

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன். எனக்குத் தொழில் அத்திவாரம். இருபது வருடத்துக்கு மேலாக றொறன்ரோவில் வீடுகளுக்கும் சின்னக் கட்டடங்களுக்கும் நிலம் தோண்டிக் கொங்கிறீற் போடுகிறேன். இந்த வேலையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று: நாலடிக்குக் கீழே போ. குளிரில் மண் மேலிருந்து 1.2 மீற்றர் வரை உறையலாம் என்பது எங்கள் கணக்கு. உறையும் ஈரமண் வீங்கும், மேலே உள்ளதைத் தூக்கும். அத்திவாரம் அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை.

இந்தப் புத்தியோடுதான் துக்குக்குப் போனேன். முகாமடிக்கும் இடத்தில் நுளம்புக்குப் பயந்து காற்றடிக்கும் பக்கமாகக் கூடாரத்தைத் தள்ளிப் போட்டோம். பாசி மூடிய, கால் வைத்தால் ஒரு விரல் அமிழும் நிலம். முளையை மிதித்தேன், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அரை முழம் போயிருக்கும். டங். கல்லாக்கும் என்று நினைத்துப் பக்கத்தில் அடித்தேன், டங். நாலு முளைக்கும் அதே ஆழம், அதே சத்தம். மச்சான் கையால் பாசியைக் கிண்டி உள்ளே விரலை விட்டான். கறுத்த கூழ்ச்சேறு, அதற்குக் கீழே வழுவழுவென்று ஏதோ. விரலை எடுத்து உதறிக்கொண்டு, “ஐஸ் அடா” என்றான். வெளியே வெயில், அன்றைக்குச் சேட்டோடு திரிந்தோம்.

அந்த உறைவு நாலடியில் முடிவதில்லை. சில நூறு மீற்றர் போகிறது. ‘கீழே போ’ என்ற என் ஒரே பாடம் அங்கே செல்லாது. அங்கே பாடம் நேர்மாறு: தோண்டாதே, தொடாதே, மேலே வை, கீழே இருப்பதை உருக விடாதே. இனூவிக்கிலிருந்து வரும் வீதியையே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். வழக்கமாக வீதி போடுகிறவன் முதலில் மேல்மண்ணை வழித்துத் தள்ளுவான். இங்கே பாசியும் புல்லும் இருந்தபடி இருக்க, அதன் மேல் துணி விரித்து, துணியின் மேல் கிறவலைக் கொட்டியிருக்கிறார்கள். பல இடங்களில் ஆள் உயரத்துக்கு. பாசி என்பது நிலத்துக்குப் போர்வை. போர்வையை உருவினால் உள்ளே இருக்கும் ஐஸ் கரையும், வீதி தொட்டிலாகும். கட்டும் வேலையில் பெரும்பகுதியும் குளிர்காலத்தில்தான் நடந்தது. நாங்கள் டிசம்பரில் வேலையை நிறுத்துவோம், அவர்கள் டிசம்பரில் தொடங்குவார்கள்.

அதனால்தான் அண்ணை, ‘ஒன்றுமில்லை’ என்பதில் எனக்குச் சம்மதமில்லை. இருப்பதெல்லாம் கீழே இருக்கிறது.

21 ஜனவரி

கடைசி வரியை இன்றைக்கு வாசித்தால் கொஞ்சம் நாடக வசனம் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

இன்னொருவர் திருத்தியிருக்கிறார்: “நிரந்தர உறைநிலம் என்கிறார்களே, உருகுகிறது என்றால் என்ன நிரந்தரம்?” சரியான குத்து. இரண்டு வருடம் தொடர்ந்து பூச்சியத்துக்கு மேலே வராத நிலத்துக்கெல்லாம் அந்தப் பெயர்தான். துக்கின் கீழே இருப்பதில் ஆழமான பகுதிகள் பல்லாயிரம் வருடம் பழையவை. மேலே அரை முழமோ ஒரு முழமோ ஒவ்வொரு கோடையும் இளகி, குளிரில் திரும்ப உறையும். செடி, வேர், பூச்சி எல்லாம் அந்த ஒரு முழத்துக்குள் சீவிக்க வேண்டும்.

27 ஜனவரி

வீடுகள். ஒன்றும் தரையில் குந்தியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே காற்றுப் போக இடம். அடுப்புச் சூடு நிலத்தில் இறங்கினால் வீடு தன் காலைத் தானே கரைத்துக்கொள்ளும். ஒரு வீட்டுக்காரரிடம் தொழிலைச் சொல்லி, கீழே பார்க்கலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு ரோச் லைற் எடுத்துத் தந்தார். தவழ்ந்து போய்ப் பார்த்தால் கிறவல் மேட்டின் மேல் மரக்கட்டை அடுக்கு, அதன் மேல் உத்தரம், இடையில் ஆப்புகள். ஆப்பு என்றால் ஒன்றிரண்டல்ல. புதியது வெள்ளையாக, பழையது சாம்பலாக, சிலது நசிந்து நார் நாராக. ஒவ்வொரு கோடையும் கதவு இறுகத் தொடங்கினால் மட்டக்கோலோடு கீழே இறங்கி எந்த மூலை தாழ்ந்தது என்று பார்த்து ஆப்பு அடிப்பாராம். வருடாவருடம் தன் வீட்டுக்குத் தானே ஆப்பு வைக்கிற மனிதர், நல்ல அர்த்தத்தில்.

தண்ணீர் லொறியில் வந்து வீட்டுத் தொட்டியில் நிரம்பும். கழிவு வேறு லொறியில் போகும். குழாய் புதைக்க முடியாது, காரணம் மேலே சொன்னதுதான். இனூவிக் கொஞ்சம் பெரிய ஊர், அங்கே குழாய்களைப் பெட்டிக்குள் அடைத்து நிலத்துக்கு மேலேயே வீடு வீடாகக் கொண்டு போகிறார்கள். ஒழுங்கையைக் கடக்கிற இடங்களில் அதற்கு மேலே சின்னப் படி வைத்து ஏறி இறங்குகிறார்கள்.

28 ஜனவரி

கோயில் இருக்கா என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வரும் என்று தெரியும்.

கோயில் இல்லை அக்கா. பள்ளிவாசல் இருக்கிறது, இனூவிக்கில். கட்டியது அங்கேயில்லை. வினிபெக்கில் முழுசாகக் கட்டி, சுமார் 4,000 கிலோமீற்றர் லொறியிலும் பிறகு மெக்கென்சியில் தெப்பப்படகிலும் ஏற்றி 2010-இல் கொண்டுபோய் இறக்கினார்கள். சின்ன மஞ்சள் கட்டடம், பக்கத்தில் குட்டி மினார். கோடையில் சூரியன் மறையாத ஊரில் நோன்பு எப்போது திறப்பது என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். வேறோர் ஊரின் நேரத்தைப் பின்பற்றுகிறார்கள்.

3 பெப்ரவரி

பிங்கோவைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். அதையும் எழுதாமல் துக்கைப் பற்றி எழுத முடியாதுதான்.

தட்டை நிலத்தில் திடீரென்று கூம்பாக ஒரு குன்று. தூரத்தில் பார்த்தால் யாரோ கிறவல் கொட்டிவிட்டுப் போன மாதிரி. உள்ளே ஐஸ். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சுமார் 1,350 இருக்கின்றன, உலகில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இல்லை. ஊருக்குப் பக்கத்தில் எட்டை 1984 முதல் தேசிய அடையாளச் சின்னமாகக் காக்கிறார்கள். பெரியது இப்யுக், 49 மீற்றர். கனடாவில் அதுதான் உயரம்.

எப்படி வருகிறது? ஒரு ஏரிக்குக் கீழே நிலம் உறையாது, தண்ணீர் கம்பளி மாதிரி. ஒருநாள் கரை உடைந்து ஏரி வடிந்துவிடுகிறது. போர்வை போனது. அடியில் இருந்த ஈரமண் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் கீழிருந்தும் உறையத் தொடங்குகிறது. உறைவு நெருக்க நெருக்க மிச்சத் தண்ணீருக்குப் போக இடமில்லை, மெலிந்த இடத்தில் மேல்நோக்கித் தள்ளி அங்கேயே உறைகிறது. குளிர்பெட்டியில் மறந்துபோய் வைத்த சோடாப் போத்தல் மூடியைத் தள்ளுமே, அது. இங்கே மூடி என்பது புல்லும் பூவும் முளைத்த நிலம்.

இப்யுக் இன்னும் வருடத்துக்கு 2 சென்ரிமீற்றர் அளவில் வளர்கிறதாம். வயது ஆயிரத்துக்கு மேல்.

4 பெப்ரவரி

கணக்கு வாத்தியார் ஒருவர் பிடித்துவிட்டார்: “2 சென்ரிமீற்றரை 1,000-ஆல் பெருக்கினால் 20 மீற்றர். 49 எங்கேயிருந்து வந்தது?”

வளர்ச்சி எப்போதும் ஒரே வேகமில்லை ஐயா. பிறந்த புதிதில் சடசடவென்று எழும்பும், பிறகு மெல்ல மெல்லக் குறையும், எங்கள் பிள்ளைகளைப் போல. கிழடானால் உச்சி வெடிக்கும், வெயில் உள்ளே புகும், ஐஸ் கரையும், குன்று குழியாகி அதில் ஒரு குட்டை நிற்கும். இப்யுக்கின் உச்சியிலும் வெடிப்பு இருக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் றொஸ் மக்கே என்ற பிரிட்டிஷ் கொலம்பியா புவியியல் பேராசிரியர். ஐம்பது வருடத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்ப அங்கே போய் அளந்தவர். 1978 ஓகஸ்ற்றில் ஒரு ஏரிக்கரையை வேண்டுமென்றே வெட்டி ஏரியை வடியவிட்டார், உறைநிலம் முதலிலிருந்து எப்படி உருவாகிறது என்று பார்க்க. ஏரியை வெட்டிவிட்டுப் பிறகு பத்து இருபது வருடம் பொறுமையாக அளந்துகொண்டிருப்பது! எங்கள் தொழிலில் கொங்கிறீற் காய ஏழு நாள் பொறுக்க ஆளில்லை.

‘பிங்கோ’ என்ற சொல்லும் அங்கே பூர்வீகமாக வாழும் இனூவியாலூயிட் மக்களுடையதுதான். 1938-இல் போர்சில்ட் என்ற தாவரவியலாளர் அதை எடுத்து ஆய்வுக்கட்டுரையில் போட்டார், உலகம் பிடித்துக்கொண்டது.

10 பெப்ரவரி

திருத்தம். சனவரி 16-இல் படகுபற்றிச் சொன்னேன், ஆனால் கடலைப் பற்றி ஒரு பிழையான எண்ணத்தை விட்டிருக்கிறேன் போல. ‘நீலக்கடலில் பனிப்பாறை மிதக்குமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். யூலையில் நான் பார்த்த கடல் தேத்தண்ணீர் நிறம். மெக்கென்சி கொண்டுவந்து கொட்டும் வண்டல். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு மெலிசாகத்தான் இருந்தது.

கடற்கரையில் என்னை மலைக்க வைத்தது விறகு. மரமே இல்லாத ஊரில் கரை நெடுகிலும் மரக்கட்டை! வேரோடு, பட்டை உரிந்து, எலும்பு மாதிரி வெளுத்து, ஒன்றின் மேல் ஒன்று. தெற்கே ஆற்றங்கரைக் காடுகளில் விழுந்தவை, மெக்கென்சி சுமந்து கடலில் தள்ள, கடல் இங்கே ஒதுக்குகிறது. இனூவியாலூயிட் மக்களின் முன்னோர் இந்தக் கட்டையை நட்டு, மண்ணால் மூடித்தான் குளிர்கால வீடு கட்டினார்கள். பனிக்கட்டி வீட்டில்தான் எந்நேரமும் வாழ்ந்தார்கள் என்ற பள்ளிக்கூடப் படம் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது.

ஒருவர் எழுதிய பதிலில் ‘எஸ்கிமோ’ என்று இருந்தது. அங்கே அப்படிச் சொல்ல வேண்டாம். அவர்கள் தங்களைச் சொல்வது இனூவியாலூயிட். 1984-இல் ஒட்டாவாவோடு தங்கள் நிலத்துக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கியவர்கள். ஊர்ப்பெயரையும் அப்படித்தான் மீட்டார்கள். முன்பு அது போர்ட் பிரபண்ட். 1950-இல் பழைய பெயருக்கே திரும்பியது, கனடாவில் அப்படித் திரும்பிய முதல் ஊர். துக்தோயாக்துக் என்றால் ‘கரிபு மான் போலத் தெரிவது’. ஒரு பெண் தண்ணீருக்குள் இறங்கிய கரிபுகளைப் பார்த்தாளாம், அவை கல்லாகிவிட்டனவாம். வற்று நீரில் அந்தப் பாறைகள் தெரியும் என்கிறார்கள். நாங்கள் போன நேரம் நீர் ஏற்றம். கல்லுமில்லை, மானுமில்லை.

11 பெப்ரவரி

மான் என்றதும் ஞாபகம். அந்தப் பக்கம் ரெயின்டியரும் உண்டு, கரிபுவின் வளர்ப்புச் சாதி. அது வந்த கதையைக் கேளுங்கள். கரிபு குறைந்து சனம் பசியில் கிடக்கிறது என்று கனடா அரசு அலாஸ்காவில் 3,000 ரெயின்டியர் வாங்கியது. 1929 டிசம்பரில் அன்ட்ரூ பார் என்ற, வட ஐரோப்பாவின் ‘சாமி’ என்ற பூர்வீக இனத்து மேய்ப்பர் ஓட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். ஒன்றரை, இரண்டு வருடத்தில் வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். வந்து சேர்ந்தது 1935 மார்ச். புயலில் திரும்பி ஓடியவை, ஓநாய்க்குப் போனவை, வழியில் பிறந்தவை. வந்து சேர்ந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தில் புறப்பட்ட மான்கள் சொற்பம், மிச்சமெல்லாம் வழியில் பிறந்த குட்டிகள். பார் வெளிக்கிடும்போதே அறுபது நெருங்கியவர்.

நாங்கள் குட்டி ரயரில் நூற்றெண்பது கிலோமீற்றர் ஓடியதைப் பெரிய கதையாகச் சொன்னது இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

17 பெப்ரவரி

சாப்பாடு. கடற்கரையில் ஒரு அம்மா உலு என்கிற பிறைக்கத்தியால் மீன் கீறிக்கொண்டிருந்தார். வால் மட்டும் ஒட்டியிருக்க இரண்டு பக்கத்தையும் பிரித்து, சதையில் விரலளவு இடைவெளியில் குறுக்காகக் கோடு போட்டு, கம்பில் துணி காயப்போடுவது போல் தொங்கவிட்டார். கை ஓயவில்லை, கத்தியைப் பார்க்கவும் இல்லை. “எங்கள் ஊரிலும் காயவைப்போம், நல்லா உப்புப் போட்டு” என்றேன். “உப்பு எதற்கு?” என்று கேட்டார். இலையான் மொய்க்கும், பழுதாகிவிடும் என்றேன். கம்புக்குக் கீழே புகைந்துகொண்டிருந்த கட்டையைக் கத்தியால் காட்டினார். அவ்வளவுதான் பதில்.

மக்தக்கும் தந்தார், பெலூகா திமிங்கிலத்தின் தோலும் கொழுப்பும். யூலையில்தான் வேட்டை. இளந்தேங்காய் மாதிரிக் கடிபட்டது, பிறகு வாய் முழுக்க நெய். மச்சான் மரியாதைக்கு ஒன்று, ஆசைக்கு மூன்று.

சனவரி 27-இல் எழுத மறந்தது இங்கே பொருந்தும்: ஊருக்குள் ஒரு ஐஸ் அறை இருக்கிறது. 1963-இல் உறைநிலத்துக்குள் சுமார் பத்து மீற்றர் நேராகக் கீழே வெட்டி, மூன்று நடை, 19 அறை. மீனும் இறைச்சியும் வைக்க ஊர்ப் பொதுக் குளிர்பெட்டி. மின்கட்டணம் இல்லை. மேலே பார்த்தால் பூட்டிய சின்னக் கொட்டில்தான்.

18 பெப்ரவரி

“இறங்கிப் பார்த்தீர்களா?” இல்லை. வெளியாட்களை இப்போது விடுவதில்லை, யாராவது ஏணியில் வழுக்கினால் யார் பொறுப்பு என்ற கதை. நேற்று எழுதியது கேட்டதும் படத்தில் பார்த்ததும். பார்த்ததுபோல எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள். சுவரில் மணலும் ஐஸும் மடிப்பு மடிப்பாக, கிழவன் உள்ளங்கை மாதிரி இருந்தது அந்தப் படத்தில்.

2 மார்ச்

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்கு 30 கோடி டொலர் வீதியா, எங்கள் வரிக்காசு.

எழுபது எண்பதுகளில் அந்தக் கடலில் எண்ணெய் தேடினார்கள். துக் துறைமுகம் அப்போது கம்பனிகளின் தளம். வீதி வந்தால் எண்ணெயும் எரிவாயுவும் திரும்ப வரும், வேலை வரும் என்பது பல வருடக் கணக்கு. 2014-இல் வீதிவேலை தொடங்கியது. 2016 டிசம்பரில் ஆர்க்டிக் கடலில் புதிதாகத் துளையிட அனுமதியில்லை என்று ஒட்டாவாவும் வாஷிங்டனும் சேர்ந்து அறிவித்தன. பதினொரு மாதம் கழித்து வீதி திறந்தது. எண்ணெய்க்குப் போட்ட வீதியில் என்னையும் மச்சானையும் போன்ற ஆட்கள்தான் வந்து இறங்குகிறோம், பலகைக்குப் பக்கத்தில் படம் எடுக்க.

அது நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல முடியாது. கடைக்காரர் சாமான் விலை கொஞ்சம் இறங்கியது என்றார். ஆப்பு வைத்த மனிதர் சாராயம் சுலபமாக வருகிறது என்றார். இரண்டு பேரும் இனூவிக் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகலாம் என்பதை முதலில் சொன்னார்கள்.

இன்னொன்று, சும்மா: 1995 செப்ரெம்பரில் மெற்றாலிகா குழு இந்த ஊரில் பாடியிருக்கிறது, பியர் விளம்பரத்துக்காக. அப்போது வீதியே இல்லை. ஆக, வரி கட்டாமலும் சனம் வரும்.

3 மார்ச்

கடல் அரிப்பு பற்றி நான் ஒன்றும் எழுதாததைக் கவனித்திருக்கிறார்கள். வேண்டுமென்று தள்ளிப்போட்டேன்.

துறைமுகத்தின் முன்னால் ஒரு ஒல்லித் தீவு, அலையை வாங்கிக்கொள்கிற சுவர். அது வருடத்துக்குச் சுமார் 2 மீற்றர் வீதம் கரைகிறது. கரையோரமும் அப்படித்தான். அங்கே மண்ணை ஒட்டவைத்திருப்பதே ஐஸ். கோடை நீளுகிறது, கடலில் ஐஸ் இல்லாத நாட்கள் கூடுகின்றன, புயலலை நேரே வந்து அடிக்கிறது. 2020-இல் முனையிலிருந்த சில வீடுகளை உள்ளே இழுத்துக்கொண்டு போய் வைத்தார்கள். ஆப்பை உருவி, சறுக்குக் கட்டையில் ஏற்றி, அப்படியே.

கரையில் உடைந்த இடமொன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மேலே ஒரு முழப் பாசி, மயிர் தொங்குவது போல வேர். கீழே ஆளுயர ஐஸ், கறுப்பு நிறம், உள்ளே நீள நீளமாகக் காற்றுக்குமிழ். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, குழாயை இறுக்கிப் பூட்டாத மாதிரி. சொட்டுகிற இடத்தில் சேறு இளகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தது. கைபேசியில் படம் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதிலில்லை.

9 மார்ச்

முதல் கேள்வி கேட்ட ஒட்டாவா அண்ணை திரும்ப வந்திருக்கிறார். “யூலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிங்கோவுக்காக, உங்களுக்காக இல்லை” என்கிறார். சந்தோசம். என்ன கொண்டு போவது என்று கேட்டதற்கு:

முழு அளவு உதிரி ரயர் இரண்டு. வாடகை வாகனமென்றால் சாவி வாங்கும் முன் பின்கதவைத் திறந்து உதிரியைக் கண்ணால் பாருங்கள். நுளம்புக்குத் தலைவலை, மருந்து மட்டும் போதாது. ஈகிள் பிளெயின்ஸில் பாதிக்கு மேல் இருந்தாலும் நிரப்புங்கள். இப்யுக்கின் மேல் ஏறாதீர்கள், தேய்கிறது என்று பலகை போட்டிருக்கிறார்கள், படகு பிடித்துச் சுற்றிப் பார்க்கலாம். கூடாரத்துக்கு நீள முளை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். அரை முழத்துக்கு மேல் இறங்காது.